ஏடு காத்த கைகள்

திருத்தணியில் தோன்றிய கச்சியப்ப முனிவர் தணிகைப் புராணத்தைப் பாடியது பதினெட்டாம் நூற்றாண்டில். அதற்குச் சில பத்தாண்டுகட்கு முன்னரே வள்ளல் சீதக்காதியின் ஆதரவிலும், அவருக்குப்பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவிலும் உமறுப்புலவர் சீறாப்புராணத்தைப் பாடிவிட்டார். ஒன்று மலைக்கோயிலின் புகழ். மற்றொன்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வு. ஆயினும் இரண்டையும் சுமந்தது பனையோலையே. திருத்தணிக்கு அப்பால், பள்ளிப்பட்டையும் கடந்து ஆந்திர நாட்டினுள் புகுந்தால் தெலுங்கையும் அவ்வோலையே சுமந்தது. அரித்த பூச்சிக்கும் மொழி வேற்றுமையில்லை, சமய வேற்றுமையுமில்லை.

ஓலையை வேகவைத்து, உலர்த்தி, மெருகிட்டு, எழுத்தாணியால் கீறி, கீறலில் மை தடவி எழுத்தைத் துலங்கச் செய்தனர் நம் முன்னோர். அடுக்களைப் பரணில் புகைபடும்படி சுவடிகளை வைத்ததும் உண்டு. இவ்வளவு செய்தும் நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் மூன்று நான்கு நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கும் தமிழ் ஏடுகள் மிக அரியன. அவ்வாறாயின் நூல்கள் பிழைத்தது எங்ஙனம்? படியெடுத்தமையால்தான். ஓலை நைந்தால் புதிய ஓலையில் பெயர்த்தெழுதிப் பழையதைக் கைவிட்டனர். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட ஏடுகளைப்பற்றி இன்று நாம் மனம் வெதும்புகிறோம். ஆனால் படி இருந்த காலத்தில் அது இழப்பன்று.

அச்சு வந்தபின் நிலை மாறிற்று. புலவர் நாயகம் சேகு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் ஏடுகளை ஒப்புநோக்கி, 1842ஆம் ஆண்டு சீறாப்புராணத்தை அச்சேற்றினார்கள். அன்னாருடைய உழைப்பால் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்கள் நமக்குக் கிட்டின. அச்சேறிய நூல்கள் தப்பின. படியெடுப்போர் தொழில் மட்டும் மெல்ல மறைந்தது. அச்சேறாத நூலுக்கோ அச்சும் இல்லை, படியும் இல்லை. நைந்த ஏடே அதன் கடைசி ஏடாயிற்று. ஏடு முழுதும் அழிந்தால் என்னாகும் என்பதற்குப் பல்சந்தமாலை ஒன்று போதும். முஸ்லிம் தமிழ் இலக்கியத்தின் தொன்மைக்குச் சான்றாக நாம் காட்டும் அந்நூலில், உரையாசிரியர் ஒருவர் மேற்கோளாக எடுத்தாண்ட சில செய்யுட்களே எஞ்சியுள்ளன.

ஆகவே ஏட்டைச் செப்பனிடுதல் இன்று தனிக்கலையாகிவிட்டது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம், தஞ்சைச் சரசுவதி மகால் போன்ற இடங்களில் இப்பணி நடைபெறுகிறது. முதலில் மென்தூரிகையால் தூசி நீக்குவர். விறைத்த ஓலையில் எலுமிச்சைப்புல் எண்ணெயைச் சிறிதே பூசுவர்; ஓலை நெகிழும், அம்மணம் பூச்சியையும் விலக்கும். ஒட்டிக்கொண்ட ஓலைகளை இழுத்துப் பிரிக்கலாகாது. ஈரக்காற்றில் வைத்து இளகச்செய்தே பிரிக்க வேண்டும். மங்கிய கீறலில் விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துடைத்தால், கரி பள்ளத்தில் மட்டும் தங்கி எழுத்து கறுத்துத் தோன்றும். முறிந்த விளிம்பை மெல்லிய ஜப்பானியத் தாளாலோ, எழுதாத ஓலைத் துண்டாலோ ஒட்டுப்போடுவர். சரசுவதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, இலவங்கப்பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கர்ப்பூரம் கூட்டிச் சிறு முடிச்சுகளாகச் சுவடிகளிடையே வைத்துவந்தனர். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியே மருந்துப்பெட்டியாகவும் பயன்பட்டதை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பே.

செய்யத்தகாதது ஒன்றுண்டு. தேய்ந்த எழுத்தின்மீது எழுத்தாணியால் மீண்டும் கீறுதல் அது. ஏடுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலவே நிற்கும். செப்பனிடுவோர் ஊகித்துக் கீறியது பின்வருவோர்க்குப் பாடமாகிவிடும். இடைவெளியை இடைவெளியாகவே விட்டுவைப்பது எவ்வளவோ மேல்.

காயல், கீழக்கரை முதலிய ஊர்களில் பழைய பெட்டிகளில் கட்டுகள் ஏதேனும் தென்பட்டால் அன்பர்கள் கயிற்றை அறுத்து ஓலைகளைக் கலைத்துவிட வேண்டா. அடுக்கு குலைந்தால் எண்ணிழந்த ஓலைகளை வரிசைப்படுத்த ஓராண்டும் போதாது. பசைநாடா ஒட்டவும் வேண்டா; வெயிலில் காய வைக்கவும் வேண்டா. மேலும் கீழும் உள்ள ஓலைகளைத் தனிக்கவனத்துடன் பாருங்கள். பூச்சியும் ஈரமும் முதலில் தாக்குவது ஓரத்து ஓலைகளையே. எழுதி முடித்த நாள், எழுதியவர் பெயர், எவர்க்காக எழுதப்பட்டது என்னும் குறிப்புகள் பெரும்பாலும் கடைசி ஓலையில்தான் இருக்கும். பாட்டு முழுதும் எஞ்சியிருக்க, எழுதிய கை எவருடையதென்பதே தெரியாமற்போன கட்டுகள் பல.