துளையிட்ட காகிதச் சுருள்

2019 டிசம்பர் 26 காலை, வளையக் கிரகணத்துக்காக என் கேமராவுக்கு ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் எழுதிக்கொண்டு திண்டுக்கல் போயிருந்தேன். படம் எடுக்கும் வேலையை லேப்டாப் பார்த்துக்கொள்ளும், நான் நிம்மதியாகக் கிரகணக் கண்ணாடி வழியாகச் சூரியனைப் பார்க்கலாம் என்று திட்டம். நடந்தது வேறு. வளையம் நின்ற மூன்று நிமிடத்தில் பாதியை, ஸ்க்ரிப்ட் ஒழுங்கா ஓடுதான்னு திரையைப் பார்த்தே தொலைத்தேன்.

டேவிட் டாட் பற்றி அப்புறம்தான் படித்தேன். அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் வானியல் பேராசிரியர். 1887-இல் ஜப்பானின் ஷிராகவாவுக்குப் போய், முழுக் கிரகணத்தை மேகத்திடம் பறிகொடுத்தவர்.

முழுக் கிரகணத்தில் தெரியும் கரோனா, கேமராவுக்குப் பெரிய தலைவலி. சூரிய விளிம்பை ஒட்டி நல்ல பிரகாசம். வெளியே போகப்போக ஆயிரம் மடங்குக்கும் மேல் மங்கிவிடும். ஒரே எக்ஸ்போஷரில் இரண்டும் சிக்காது. மிகக் குறைந்த நேரத்திலிருந்து பல விநாடிவரை வரிசையாக எடுக்க வேண்டும். அன்றைக்கு ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கண்ணாடித் தகடு. செருகு, திற, எண்ணு, மூடு, உருவு. இருட்டில் கை நடுங்கும். தலை குனிந்தே இருக்கும். உலகம் சுற்றி வந்த மனுஷன் கிரகணத்தைப் பார்த்திருக்கவே மாட்டான்!

டாட் இதற்குத் தேர்ந்தெடுத்தது, தானே வாசிக்கும் ஆர்கனின் உத்தி. காகிதச் சுருளில் துளைகள். துளை வரும் இடத்தில் காற்று பாய்ந்து ஒரு வால்வு அசையும். ஆர்கனில் ஸ்வரம் ஒலிக்கும்; இங்கே ஷட்டர் திறக்கும், தகடு மாறும். இருபதுக்கு மேற்பட்ட கருவிகளை ஒரே சுருள் இயக்கும்படி அமைத்தார். என் கண்ணுக்கு அது அப்பட்டமான புரோகிராம்: துளைதான் கட்டளை, காகிதம் நகரும் வேகம்தான் கடிகாரம்.

1889 டிசம்பர் 22. அங்கோலாவின் லெடோ முனை. 'பென்சகோலா' என்ற கடற்படைக் கப்பலில் போயிருந்தார்கள். மனைவி மேபல் லூமிஸ் டாடுக்குக் கப்பலில் அனுமதி இல்லை. அவருடைய அப்பா மட்டும் போனார். (மறு வருடம் எமிலி டிக்கின்சனின் முதல் கவிதைத் தொகுப்பைப் பதிப்பித்தவர்களில் ஒருவர் இதே மேபல்தான்.) அன்று மேகம். எங்கள் பாஷையில் சொன்னால், டெஸ்ட் எல்லாம் பாஸ், ப்ரொடக்‌ஷனில் மேகம்.

1896-இல் ஜப்பானின் எசாஷி. காற்றுக்குப் பதில் மின்சாரம். இந்த முறை மேபலும் கூடப் போனார். மறுபடியும் மேகம்.

டாடை ராசியில்லாதவர் என்று சிரித்துவிட்டுப் போவது சுலபம். எனக்கு மனசு வரவில்லை. வரிசை, எண்ணிக்கை, நேரம் ஆகியவற்றை மெஷினிடம் தள்ளிவிட்டு மனுஷனின் கண்ணை விடுவிக்கலாம் என்பதை 1889-லேயே செய்து காட்டப் பார்த்தவர் அவர். வசதி எல்லாம் இருந்தும் என் கண்ணை நான்தான் விடுவிக்கவில்லை.

1900 மே 28 அன்று திரிப்போலியில், பிரிட்டிஷ் தூதரகத்தின் மொட்டைமாடியில் டாடும் மேபலும் இருந்தார்கள். வானம் தெளிவாக இருந்தது. அங்கே முழுக் கிரகணம் ஒரு நிமிடம்கூட இல்லை.