அப்ளிகேஷன் வாங்கிய காலமும் சாய்ஸ் நிரப்பும் காலமும்

இந்த மலரைப் புரட்டும் நம்மில் பலரைக் கல்லூரி வாழ்க்கை பற்றிக் கேட்டால், வகுப்பறையிலிருந்து தொடங்க மாட்டோம். அப்ளிகேஷன் வாங்க நின்ற க்யூவிலிருந்துதான் தொடங்குவோம். எத்தனை கல்லூரிக்குப் போட்டோம், எது கிடைத்தது, எதைப் பணத்துக்காக விட்டோம் என்பதெல்லாம் இன்றும் மனப்பாடம். இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு அந்த க்யூ தெரியாது. ஆனால் எங்கே இடம் கிடைக்கும், எதற்குப் பணம் கட்ட முடியும் என்ற கணக்கு அவர்கள் வீட்டிலும் நடக்கிறது.

பதினோரு வருடப் பள்ளிப் படிப்பு, பிறகு ஒரு வருடம் பி.யூ.சி. என்பதுதான் பழைய ஏற்பாடு. அதாவது பி.யூ.சி.க்கு ஒரு அலைச்சல், டிகிரிக்கு மறு அலைச்சல். 1978இல் பிளஸ் டூ பள்ளிக்கூடத்துக்குப் போனதால் ஒரு அலைச்சல் குறைந்தது.

அந்தக் காலத்தில் எத்தனை இடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பதே உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம் என்று சொன்னால் மாணவர்கள் நம்புவார்களோ என்னவோ! சென்னை மாநிலத்தில் மருத்துவ இடங்களை மாவட்ட வாரியாகப் பங்கிட்டார்கள். அது செல்லாது என்று ராஜேந்திரன் வழக்கில் 1968இல் தீர்ப்பு வந்தது. அரசு விடவில்லை. மருத்துவக் கல்லூரிகளை யூனிட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தேர்வுக் குழு அமைத்தது. மாணவர் ஏதாவது ஒரு குழுவுக்குத்தான் விண்ணப்பிக்கலாம். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதற்கே போடுவது நல்லது என்று யோசனை வேறு. விளைவு என்ன? ஒரு யூனிட்டில் நல்ல மார்க் வாங்கியவன் வெளியே நிற்க, இன்னொரு யூனிட்டில் அவனைவிடக் குறைந்தவன் உள்ளே போனான். பெரியகருப்பன் வழக்கில் 1970இல் இதுவும் செல்லாது என்று ஆயிற்று. நேர்முகத் தேர்வில் மார்க் போட்ட விதத்தையும் நீதிமன்றம் கண்டித்தது. மாநிலம் முழுமைக்கும் ஒரே தரவரிசை என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதற்காக வழக்குப் போட்டவர்களும் மாணவர்கள்தான்.

கலைக் கல்லூரிகளில் வழக்குக்கு இடமில்லை. அங்கே தடை போட்டது காசு. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனி அப்ளிகேஷன். நேரில் போக முடியாதவர்கள் டி.டி. எடுத்து, சுயவிலாசமிட்ட கவரில் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்ப வேண்டும். மார்க் ஷீட் நகலில் கையெழுத்து வாங்க கெஜட்டட் ஆபீசர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். நாலு அப்ளிகேஷன் போட வசதி இருந்தவன் தைரியமாக ஒரு பெரிய கல்லூரிக்கும் போட்டான். ஒன்றுக்குத்தான் காசு என்றால் நிச்சயம் கிடைக்கும் இடத்துக்குத்தான் போடுவான். நல்ல மார்க் இருந்தும் பக்கத்து ஊர்க் கல்லூரியோடு நின்றவர்கள் எல்லா செட்டிலும் இருந்தார்கள். அவர்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை.

1984இல் இரண்டு மாற்றங்கள் சேர்ந்து வந்தன. தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு ஒன்று. சுயநிதி பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி மற்றொன்று. இடங்கள் பெருகின, நன்கொடையும் பெருகியது. நன்கொடையைத் தடுக்க மாநில அரசு 1992இல் சட்டமே கொண்டு வர வேண்டியிருந்தது. 1993இல் உன்னிகிருஷ்ணன் தீர்ப்பு, ‘ஃப்ரீ சீட்’, ‘பேமென்ட் சீட்’ என்ற சொற்களை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. அந்த ஏற்பாடு 2002இல் மறைந்தும் சொற்கள் மறையவில்லை!

தொண்ணூறுகளின் பிற்பாதியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒற்றைச் சாளர கவுன்சலிங் வந்ததை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன். ஒரே விண்ணப்பம், ஒரே ரேங்க், எல்லாக் கல்லூரியும் ஒரே போர்டில். அப்பாவும் பிள்ளையும் கிண்டிக்கு வந்து, கையில் டெபாசிட் டி.டி.யோடு ஹாலில் உட்கார்ந்து, காலியிடங்களைப் பார்த்துக்கொண்டே நோட்டில் எழுதி வந்த பட்டியலை ஒவ்வொன்றாக அடிப்பார்கள். முடிவெடுக்கச் சில நிமிஷங்கள்தான். ஆனாலும் யாரையும் சிபாரிசு பிடிக்க வேண்டியதில்லை. இருநூறுக்குப் பிளஸ் டூ, நூறுக்கு நுழைவுத் தேர்வு என்று முந்நூறுக்குக் கணக்குப் போட்ட அந்த முறை 2007இல் ஒழிந்தது. கோச்சிங் கிளாஸுக்கு டவுனுக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு அது நல்லதே. மருத்துவத்துக்கு மட்டும் 2017இல் நீட் வடிவில் நுழைவுத் தேர்வு திரும்பிவிட்டது.

பொறியியல் கவுன்சலிங் 2018இல் ஆன்லைனுக்கு மாறியது. கிண்டிப் பயணம் மிச்சம். ஆனால் பட்டியலின் வேலை கூடிவிட்டது. ஹாலில் மிச்சம் இருப்பதைக் கண்ணால் பார்த்தோம். இப்போது பார்க்காமலே வரிசைப்படுத்தி வைக்க வேண்டும். ரேங்க் வரிசையில் உங்கள் முறை வரும்போது, பட்டியலில் மேலிருந்து கீழே எது முதலில் காலியோ அதைக் கம்ப்யூட்டர் கொடுக்கும். ஆகவே எட்டாத கல்லூரியை முதலில் போட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. ‘கிடைக்காதுண்ணா, எதுக்குப் போடணும்’ என்று நம் ஊர்ப் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். அதைவிட ஆபத்து பத்துப் பதினைந்தோடு நிறுத்துவது. பழையபடி ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் காசா கொடுக்கிறோம்? முந்தைய ஆண்டு கட்-ஆஃப், நம் மதிப்பெண்ணை ஒட்டியும் அதற்குக் கீழும் உள்ள கல்லூரிகள் நிறைய இருக்க வேண்டும்.

காசு விஷயத்தில் கவனிக்க வேண்டியவை வேறு. ஒரே கல்லூரிக்குள்ளேயே அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும். பொறியியலிலும் உண்டு, கலைக் கல்லூரிகளில் பெரும்பாலும் காலை ஷிஃப்ட், மாலை ஷிஃப்ட் என்று பிரிந்திருக்கும். பெயர்ப் பலகை ஒன்று, ஃபீஸ் இரண்டு. பட்டியலில் எந்தப் பிரிவு என்று பார்க்காமல் கல்லூரிப் பெயரை மட்டும் பார்ப்பவர்கள் ஃபீஸ் சலானைப் பார்த்துத்தான் விழிக்கிறார்கள். தனியார் பொறியியல் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டுக்கு 2017இல் 50,000, 55,000 என்று நிர்ணயித்தது கல்விக் கட்டணத்தைத்தான். ஹாஸ்டலும் பஸ்ஸும் அதில் அடங்காது.

குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கு 2010-11 முதல் கிடைத்துவரும் சலுகை, ஒற்றைச் சாளரம் வழியாகச் சேர்ந்தால்தான். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு இல்லை. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020இலும், பொறியியலில் 2021இலும் 7.5 சதவீத இடம் ஒதுக்கப்பட்டது. பொறியியலில் அப்படிச் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பதாக அறிவித்தது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தச் சாளரத்துக்கு வெளியே. அவற்றுக்குத் தனி அப்ளிகேஷன், தனிக் காசு. அரசு கலைக் கல்லூரிகளுக்கும் 2020இலிருந்து ஆன்லைன்தான். பொறியியல் முடிவு வருவதற்குள் கலைக் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிடும் என்பதால், பி.எஸ்சி. ஒன்றுக்கும் போட்டு வைப்பது பழைய பழக்கம். இன்றும் அது வீண் இல்லை.

நம் சங்கத்து நண்பர்கள் ஊர் ஊராக இருக்கிறோம். ரிசல்ட் வந்த வாரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒரு மாலை உட்கார்ந்து, கல்லூரிக் கோடு நம்பரையும் ஃபீஸையும் எதிரெதிரே எழுதிக் கொடுத்தால் போதும். அப்பா அம்மா இருவருமே கல்லூரிப் படியேறாத வீடாக இருந்தால், முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் ஏப்ரலிலேயே எழுதிப் போடச் சொல்லுங்கள்.