தாராவி: ஒரு 'மாதிரி'யின் வரலாறு

மும்பையின் தாராவியில் முதல் கோவிட் தொற்று 2020 ஏப்ரல் 1 அன்று உறுதியானது. சுமார் இரண்டரைச் சதுர கிலோமீட்டரில் பல லட்சம் மக்கள் வாழும் பகுதி அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழர்கள் தலைமுறைகளாக அங்கு வாழ்கின்றனர். நூறே நாளில், ஜூலை 10 அன்று, உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் நோய்க் கட்டுப்பாட்டுக்குத் தாராவியையும் எடுத்துக்காட்டினார். 'தாராவி மாதிரி' என்ற தொடர் பரவலாயிற்று. எதன் மாதிரி அது என்பதே வினா.

மருத்துவ அமைப்பை இயந்திரமாகக் கருதி நிர்வகிக்க இயலாது என்று பால் பிளசெக்கும் டிரிஷா கிரீன்ஹால்கும் 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினர். அதில் இயங்கும் ஒவ்வொருவரும் தமக்குரிய விதிகளின்படி நடக்கின்றனர். ஒருவரின் செயல் மற்றவரின் சூழலை மாற்றுகிறது. ஆகவே விளைவை முன்கூட்டியே வரையறுக்க முடியாது.

தாராவியில் இது கண்கூடாயிற்று. ஓர் அறையில் ஒரு குடும்பமும் பல குடும்பங்களுக்கு ஒரு பொதுக் கழிப்பறையும் உள்ள இடத்தில் 'வீட்டிலேயே தனித்திரு' என்ற ஆணைக்குப் பொருளில்லை. எனவே மாநகராட்சியின் ஜி-வடக்கு வார்டு நோயாளியைத் தேடிச் சென்றது. மக்கள் ஏற்கெனவே நம்பிய உள்ளூர்த் தனியார் மருத்துவர்கள் வீடுவீடாகக் காய்ச்சல் பரிசோதனை செய்தனர். பள்ளிகளும் திருமண மண்டபங்களும் தனிமைப்படுத்தும் மையங்களாயின. அங்கே உணவும் சிகிச்சையும் கிடைத்தன. அச்சம் குறைந்தால் காய்ச்சலை மறைப்பதும் குறையும். நோய் விரைவில் தெரிந்தால் உயிரிழப்பு குறையும். அது நம்பிக்கையை மேலும் வளர்க்கும்.

ஆயினும் அதே ஜூலையில் மாட்டுங்கா, செம்பூர் மேற்கு, தஹிசர் ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய மூன்று வார்டுகளில் நடந்த குருதி ஆய்வு வேறொன்றையும் காட்டியது. குடிசைப்பகுதிகளில் 57 விழுக்காட்டினரிடமும் பிற குடியிருப்புகளில் 16 விழுக்காட்டினரிடமும் நோய் எதிர்ப்பொருள் காணப்பட்டது. தாராவி அந்த ஆய்வில் இடம்பெறவில்லை. ஆனால் நெரிசலில் அது அப்பகுதிகளுக்குக் குறைந்ததன்று. அறிகுறியின்றியே தொற்று பெரிதும் பரவியிருக்கக்கூடும். தொழிலாளர் பெருந்திரளாக ஊர் திரும்பியதும் நெரிசலைத் தணித்தது.

இவற்றுள் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்தளக்க இயலாது. வெற்றி முழுவதையும் ஓர் அலுவலகத்தின் கணக்கில் எழுதுவது பிழை. தொற்று எப்படியும் பரவியது எனக் கூறி அம்மருத்துவர்களின் உழைப்பைத் தள்ளுவதும் பிழையே.

தமிழில் 'மாதிரி' என்ற சொல் முன்மாதிரியையும் குறிக்கும், 'போல' என்றும் பொருள்படும். தாராவியின் நடவடிக்கைப் பட்டியலை வேறோர் ஊரில் அப்படியே நகலெடுத்தால் கிடைப்பது வெறும் 'போல' மட்டுமே. ஆணை எந்த வாசலில் பொருளிழக்கிறது, அவ்வாசலில் மக்கள் யாரை நம்புகின்றனர் என்னும் இரு வினாக்களே பிற ஊர்களுக்குப் பொருந்தும் முன்மாதிரி.