பி.காம். சேர்க்கை (தமிழ்நாடு)

பி.காம். என்பது கணக்கியல், வரி, தணிக்கை ஆகியவற்றை மையமாகக் கொண்ட மூன்றாண்டு இளநிலைப் பட்டப்படிப்பு. பிளஸ் டூ தேர்ச்சி அடிப்படைத் தகுதி. வணிகவியலும் கணக்குப்பதிவியலும் படித்தவர்களுக்கே பெரும்பாலும் முன்னுரிமை. அறிவியல் பிரிவு மாணவர் விண்ணப்பிக்கும்முன் அந்தந்தப் பல்கலைக்கழக விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

தேர்ச்சி ஒன்று, இடம் கிடைப்பது வேறொன்று. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும், நுழைவுத்தேர்வு இல்லை. தமிழ், ஆங்கிலம் நீங்கலாக நான்கு பாடங்களின் மதிப்பெண், அதாவது 400-க்கு எவ்வளவு என்பதே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. கணக்குப்பதிவியல் 95, வணிகவியல் 92, பொருளியல் 88, கணினிப் பயன்பாடுகள் 90 பெற்றவரின் கணக்கு 365. தமிழில் 98 வாங்கியிருந்தாலும் அது இங்கே உதவாது. தமிழ் இலக்கியம் கேட்டால்தான் உதவும்.

விளையாட்டு வீரர், மாற்றுத்திறனாளி, முன்னாள் படைவீரர் குழந்தைகள் ஆகியோருக்கான சிறப்புக் கலந்தாய்வு முதலில் நடக்கும். பொதுக் கலந்தாய்வில் 69 விழுக்காட்டு இடஒதுக்கீடு உண்டு: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 18 (அதில் அருந்ததியர் 3), பழங்குடியினர் 1. மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் அசல் கையில் இருக்க வேண்டும்.

சி.ஏ. படிக்க நினைப்போர் கவனிக்க: பி.காம். பட்டத்தில் 55 விழுக்காடு எடுத்தால் சி.ஏ. அடிப்படைத் தேர்வு எழுதத் தேவையில்லை.