மலிவு எங்கிருந்து வருகிறது? குறைந்த காசில் கேமிங் பிசி கட்டியவர்களின் கதை

"அண்ணா, ஒண்டரை லட்சத்துக்குள்ள ஒரு கேமிங் பிசி கட்டலாமோ? லிஸ்ட் ஒண்டு போட்டுத் தாங்கோ."

இப்படியொரு மெசேஜ் மாதத்துக்கு ஒன்றாவது வரும். முந்தியெல்லாம் கேட்ட உடனேயே லிஸ்ட் போட்டுக் கொடுத்துவிடுவேன். ஆனால் அந்த லிஸ்ட் மூன்று மாதம்கூடத் தாங்காது. விலை மாறும். ஒரு சாமான் கடையில் முடிந்துபோகும். கடைக்காரர் "இதுவும் அதே மாதிரித்தான் தம்பி" என்று இன்னொன்றை எடுத்துத் தருவார். லிஸ்டை மட்டும் வைத்திருக்கிற பெடியனுக்கு அந்த இடத்தில் என்ன சொல்வதென்று தெரியாது.

லிஸ்டைவிடக் கனகாலம் நிற்கக்கூடியது ஒரு கேள்வி: இந்தச் சாமான் ஏன் மலிவு?

எனக்குத் தெரிந்து அதற்கு மூன்று காரணங்கள்தான். ஒன்று, கம்பனி வேணுமெண்டே பூட்டி விற்கிற சாமான். இரண்டு, உள்ளே எதையோ குறைத்துச் செய்த சாமான். மூன்று, வேறொருவருக்குத் தேவை முடிந்துபோன சாமான். பெட்டிக்கு வெளியே பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரித்தான் இருக்கும். காசு குறைந்தவர்கள் கேமிங் பிசி கட்டிய இந்த முப்பது வருட வரலாறு, இந்த மூன்றையும் பிரித்தறியப் பழகிய வரலாறுதான்.

பெட்டி திறந்த கதை

பாட்ஸ் பாட்ஸாக வாங்கிப் பூட்டலாம் என்பதே ஒரு தற்செயல். 1981 ஓகஸ்டில் ஐபிஎம் தன்னுடைய முதல் பிசியை வெளியிட்டபோது, அவசரத்தில் பெரும்பாலும் சந்தையில் கிடைத்த பாகங்களையே பாவித்தது. புரொசசர் இன்டெலுடையது, டொஸ் மைக்ரோசொப்ட் கொடுத்தது. ஐபிஎம்முக்கே சொந்தமாக இருந்தது பயோஸ் என்ற சிறிய மென்பொருள்தான். கொம்பாக் கம்பனி அதைக் கொப்பி அடிக்காமல், அதே வேலையைச் செய்யும் இன்னொன்றைத் தானே எழுதி, 1983இல் ஐபிஎம்முக்கு ஒத்த பிசியை விற்கத் தொடங்கியது. பிறகு பீனிக்ஸ் என்ற கம்பனி அப்படியான பயோஸை யாருக்கும் விற்றது. அத்தோடு கதவு திறந்துவிட்டது. தாய்வானில் மதர்போட் செய்யும் கம்பனிகள் பெருகின. எந்த ஊரிலும் ஒரு சின்னக் கடை பாகங்களை வாங்கிப் பூட்டி விற்கலாம் என்றானது. பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கி விலை கேட்கிற எங்கட பழக்கத்துக்கும் வேர் அங்கேதான்.

குவேக் கேட்ட கேள்வி

1993 டிசெம்பரில் டூம் வந்தது. அதற்கு 4 மெகாபைட் ராமும் ஒரு 386 புரொசசரும் இருந்தால் ஓடும், 486 இருந்தால் வடிவாக ஓடும். அந்தக் காலத்துக் கணக்கு சுலபம். வேகமான புரொசசர் என்றால் வேகமான கேம்.

அந்தக் கணக்கை 1996 யூனில் வந்த குவேக் குழப்பியது. அந்த நேரம் சைரிக்ஸ் என்ற கம்பனியின் 6x86 புரொசசர் இன்டெல் பென்டியத்தைவிட மலிவு. அதன் பெயரே பி166+. 166 மெகாஹேர்ட்ஸ் பென்டியத்துக்கு நிகர் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். உண்மையில் அது ஓடியது 133 மெகாஹேர்ட்ஸில். ஆனாலும் அது வெறும் ஏமாற்று இல்லை. கடிதம் அடிக்கிறது, கணக்குப் பதிகிறது போன்ற வேலைகளில் சொன்னபடியே ஓடியது.

குவேக் கேட்டது வேறு. உண்மையான முப்பரிமாணத்தில் சுவரையும் தரையையும் வரைய, அது தசமக் கணக்குகளைப் பெருமளவில் நம்பியிருந்தது. பென்டியம் ஒரு தசம வகுத்தலைச் செய்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் மற்ற வேலையையும் தொடரக்கூடியது. குவேக்கை எழுதியவர்கள் அதைத் தெரிந்துகொண்டே எழுதினார்கள். சைரிக்ஸின் தசமக் கணக்குப் பகுதி அதற்கு ஈடுகொடுக்கவில்லை. காசை மிச்சம் பிடித்து சைரிக்ஸ் வாங்கிய கேமர்களுக்குப் படம் இழுபட்டு இழுபட்டு ஓடியது. 1997இல் சைரிக்ஸை நஷனல் செமிகொண்டக்டர் வாங்கியது. இரண்டு வருடத்தில் அது வியா கம்பனிக்குக் கை மாறியது.

இது இரண்டாவது வகை மலிவு. குறைத்த இடம் உனக்குத் தேவையில்லாத இடம் என்றால் லாபம். தேவையான இடம் என்றால் எவ்வளவு மலிவாக வாங்கினாலும் நட்டம். அதனால்தான் "என்ன கேம் விளையாடப் போறாய்?" என்பது முதல் கேள்வியாக இருக்கவேணும், "எவ்வளவு காசு இருக்கு?" இரண்டாவதுதான்.

ஒட்டுத்துண்டும் பென்சிலும்

முதல் வகை மலிவுக்கு வருவோம். 1998 ஏப்ரலில் இன்டெல் செலரோன் என்ற மலிவுப் புரொசசரை இறக்கியது. அது பென்டியம் 2தான், ஆனால் இரண்டாம் நிலை கேஷ் நினைவகம் அறவே இல்லை. எல்லோரும் திட்டினார்கள். நான்கு மாதம் கழித்து செலரோன் 300ஏ வந்தது. இந்த முறை 128 கிலோபைட் கேஷ் சிப்புக்கு உள்ளேயே இருந்தது. பென்டியம் 2இல் 512 கிலோபைட், ஆனால் அது புரொசசரின் பாதி வேகத்தில்தான் ஓடும். 300ஏயில் இருந்தது சிறிது, ஆனால் முழு வேகம்.

இன்டெல் இந்தச் சிப்பின் பெருக்கத்தை 4.5 என்று பூட்டியிருந்தது. மதர்போட்டின் 66 மெகாஹேர்ட்ஸ் பஸ்ஸை 4.5ஆல் பெருக்கினால் 300. ஆனால் பஸ்ஸைப் பூட்ட முடியவில்லை. அப்போது வந்திருந்த 440பிஎக்ஸ் மதர்போட்கள் 100 மெகாஹேர்ட்ஸ் பஸ்ஸைத் தாங்கும். 100ஐ 4.5ஆல் பெருக்கினால் 450. ஒரேயொரு செற்றிங் மாற்றம். செற்றிங் இல்லாத போட் என்றால், புரொசசரின் பி21 என்ற பின்னை ஒரு சின்ன ஒட்டுத்துண்டால் மூடினால் போட் தானாகவே 100க்குப் போய்விடும்.

அதே ஓகஸ்ட் மாதத்தில் வந்த 450 மெகாஹேர்ட்ஸ் பென்டியம் 2இன் விலை 669 டொலர். செலரோன் 300ஏ 149 டொலர். பெரும்பாலான கேம்களில் இரண்டுக்கும் வித்தியாசம் சொற்பம்.

2000இல் ஏஎம்டியின் டுரோன் வந்தபோது பென்சில் போதுமாக இருந்தது. புரொசசரின் மேற்பரப்பில் வெட்டி விடப்பட்ட சிறு இணைப்புகளைப் பென்சிலால் கீறி இணைத்தால், பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தி, பெருக்கப் பூட்டைத் திறந்துவிடும். 2009இல் பினம் 2 எக்ஸ்2 550 என்ற இரண்டு கோர் புரொசசர் வந்தது. உண்மையில் அது நான்கு கோர் சிப், இரண்டை அணைத்து விற்றார்கள். சில மதர்போட்களில் பயோஸில் ஒரு வசதியை இயக்கினால் நான்கும் உயிர் பெறும். எல்லோருக்கும் அல்ல. சில சிப்களில் அந்தக் கோர்கள் உண்மையிலேயே பழுது. சிலவற்றில் நல்ல கோர்களை, மலிவுச் சாமானுக்கு ஆள் இருந்ததால் மட்டும் அணைத்திருந்தார்கள். எது எதுவென்று வாங்கிப் பூட்டும்வரை தெரியாது. கிட்டத்தட்ட லொத்தர் சீட்டு மாதிரி.

பூட்டு இறுகிய காலம்

கம்பனிகள் எவ்வளவு காலம் பார்த்துக்கொண்டிருக்கும்? 2010இல் இன்டெல் ஒரு வேலை செய்தது. பென்டியம் ஜி6951 என்ற புரொசசரில் கொஞ்சக் கேஷையும் ஹைப்பர்த்ரெடிங்கையும் மென்பொருளால் பூட்டி விற்றது. கடையில் 50 டொலருக்கு ஒரு காட். அதிலுள்ள இலக்கத்தைக் கொம்பியூட்டரில் அடித்தால் பூட்டு திறக்கும். நீ வாங்கி, உன் வீட்டில் இருக்கிற சிப்பின் ஒரு பகுதியைப் பாவிக்க இன்னொருக்கால் காசு கட்டவேணும்! கடும் எதிர்ப்பு வந்து திட்டத்தைக் கைவிட்டார்கள். ஆனால் 2011 ஜனவரியில் வந்த புரொசசர்களோடு பஸ் வேகத்தைக் கூட்டுகிற வழி ஏறக்குறைய அடைபட்டது. வேகம் கூட்டவேணுமெண்டால் பெயருக்குப் பின்னால் 'கே' எழுத்துள்ள விலைகூடிய மொடலை வாங்கவேணும்.

2014இல் பென்டியத்தின் 20 வருடக் கொண்டாட்டத்துக்காக ஜி3258 என்ற மலிவுச் சிப்பைப் பூட்டில்லாமல் இறக்கினார்கள். 72 டொலர். செலரோன் காலம் திரும்பி வந்துவிட்டது என்று பெடியள் துள்ளினார்கள். அதே வருடம் நவம்பரில் பார் கிரை 4 வந்தது. ஜி3258இல் இருந்தது இரண்டே கோர். எவ்வளவு வேகம் கூட்டினாலும் கேம் தொடங்கவே இல்லை, கறுப்புத் திரைதான். சைரிக்ஸும் குவேக்கும் இன்னொரு தடவை.

2017 ஜனவரியில் வந்த ஜி4560இல் இன்டெல் அதே இரண்டு கோருக்கு ஹைப்பர்த்ரெடிங்கையும் சேர்த்து 64 டொலருக்குக் கொடுத்தது. மார்ச்சில் ஏஎம்டியின் ரைசன் வந்தது. எல்லா ரைசனிலும் பெருக்கம் திறந்தே இருந்தது. அதைவிட எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி ஏஎம்4 என்ற சொக்கெற். அதே சொக்கெற்றில் 5000 வரிசை வரைக்கும் புரொசசர் மாற்றலாம். போட்டை மாற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறலாம்.

வீங்கின கப்பாசிற்றர்

பூட்டைத் திறந்த கதைகளை எல்லோரும் சொல்வார்கள். இந்தக் கதையை ஆக்கள் பெரிதாகச் சொல்வதில்லை. 1999க்குப் பிறகு சில வருடங்கள், தரங்குறைந்த கப்பாசிற்றர்கள் உலகெங்கும் மதர்போட்களிலும் பவர் சப்ளைகளிலும் புகுந்தன. வாங்கும்போது எல்லாம் சரியாக ஓடும். ஒன்றிரண்டு வருடத்தில் கப்பாசிற்றரின் தலை வீங்கி, உள்ளே இருக்கும் திரவம் கசிந்து, கொம்பியூட்டர் காரணமில்லாமல் நின்று நின்று போகும். பெரிய கம்பனிகளும் தப்பவில்லை. பழுதான கொம்பியூட்டர்களுக்காக டெல் 2005இல் 30 கோடி டொலர் ஒதுக்க வேண்டி வந்தது. டெல்லிடம் அந்தக் காசு இருந்தது. பாகம் வாங்கித் தானே பூட்டியவனிடம் வாரன்டி முடிந்த ஒரு போட்தான் இருந்தது.

பவர் சப்ளையில் காசு மிச்சம் பிடிக்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். கரண்ட் ஏறி இறங்குகிற எங்கட ஊர்களில் இது இன்னும் முக்கியம். கேமில் ஒரு பிரேம்கூட அது கூட்டித் தராது. ஆனால் மோசமான பவர் சப்ளை சாகும்போது தனியச் சாகாது, பக்கத்தில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும்.

குறைப்பது பெயருக்குள்ளும் ஒளிந்திருக்கும். என்விடியாவின் ஜிடி 1030 என்ற மலிவுக் காட் 2017இல் வந்தது. அடுத்த வருடம் அதே பெயரில் இன்னொன்று வந்தது. நினைவகம் மட்டும் டிடிஆர்4. நினைவகத்தின் வேகம் செக்கனுக்கு 48 கிகாபைட்டிலிருந்து 17க்கும் கீழே விழுந்தது. பல கேம்களில் பாதி வேகம்தான். பெட்டியில் பெயர் ஒன்று, உள்ளே சாமான் வேறு. பி166+ செய்ததைவிட இது மோசம்.

சுரங்கத்திலிருந்து வந்த காட்

மூன்றாவது வகை, பாவிச்ச சாமான். 2017இல் எதீரியம் தோண்டுகிறவர்கள் ஆர்எக்ஸ் 570, 580 காட்களை அள்ளிக்கொண்டு போனார்கள். கேமர்களுக்கென்று விலை வைத்த சாமான் கேமர்களுக்கு எட்டவில்லை. 2020, 2021இல் கொரோனாத் தட்டுப்பாட்டோடு இது இன்னும் கடுமையாகத் திரும்பி வந்தது. 2022 செப்டெம்பர் 15இல் எதீரியம் தோண்டும் முறையையே கைவிட்டது. உலகெங்கும் காட்கள் குவிந்தன, விலை விழுந்தது.

அந்த விழுச்சி எங்களுக்கு முழுதாக வந்து சேரவில்லை. அந்த மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவுக்குச் சற்று மேலே இருந்த டொலர், மே மாதத்தில் 360 அளவில் நின்றது. வெளியே 200 டொலர் விலை மாறாமல் இருந்த ஒரு காட், வரியும் லாபமும் சேர்க்காமலே இங்கே 40,000 ரூபாவிலிருந்து 72,000 ஆகியது. 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களில் கேமிங் பிசி பற்றி யோசிக்கவும் வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு கட்டியவர்களில் கனபேர் பாவிச்ச சாமானில்தான் கட்டினார்கள். வேறு வழி இல்லை.

அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, பார்த்து வாங்கவேணும். புரொசசர் இலகுவில் சாகாது, பாவிச்சதை வாங்கலாம். சுரங்கத்தில் ஓடின காட்டில் முதலில் தேய்வது காற்றாடி. சிலர் பயோஸையும் மாற்றியிருப்பார்கள். பழைய காட் ஒன்றின் பயோஸை மாற்றிப் புதுப் பெயரில் விற்கிற களவும் உண்டு. விற்பவர் முன்னாலேயே அரை மணித்தியாலம் ஒரு கனமான கேமை ஓட விட்டுப் பாருங்கோ. அதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்காமல் வருவதே லாபம்.

அந்தத் தம்பிக்கு அனுப்பியது

லிஸ்ட் கேட்ட தம்பிக்குக் கடைசியில் நான் பெயர்கள் அனுப்பவில்லை. இப்படி எழுதினேன்:

"முதல்ல நீ விளையாடுற மூண்டு கேமை எழுது. அது எதைக் கேக்குது எண்டு பார், புரொசசரையா காட்டையா ராமையா. பவர் சப்ளையும் எஸ்எஸ்டியும் புதுசு வாங்கு. புரொசசர் பாவிச்சது பரவாயில்லை. காசு காணாட்டி, கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிற ரைசன் ஒண்டோட தொடங்கு, காட்டைப் பிறகு போடலாம். கேசிங்கில லைற் எரியத் தேவையில்லை. கடைக்காரர் வேற ஒண்டை எடுத்துத் தந்தால், 'இது ஏன் அதைவிட மலிவு?' எண்டு கேள். மறுமொழி விளங்காட்டி வாங்காமல் வா, எனக்கு எடு."

இரண்டு கிழமைக்குப் பிறகு போன் வந்தது. கடையில் நின்றுதான் எடுத்திருந்தான். "அண்ணா, ஜிடி 1030 எண்டு ஒண்டு தாறார். இதில எந்த மெமரி எண்டு கேட்டன், அவருக்குத் தெரியேல்லையாம். பெட்டியைத் திருப்பிப் பாக்கட்டே?"

"பார்" என்றேன்.