ஏபீட்டா*56 கட்டுரை திரும்பப் பெறப்படல்

அல்சைமர் நோய் ஆய்வில் பெரிதும் மேற்கோள் காட்டப்பட்ட ஒரு கட்டுரை, படங்களின் நம்பகத்தன்மை குலைந்ததால் 2024 ஜூனில் திரும்பப் பெறப்பட்ட நிகழ்வு. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சில்வன் லெஸ்னே, கேரன் ஆஷ் முதலியோர் எழுதிய இக்கட்டுரை 2006 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் வெளியானது. மூளையில் அமிலாய்டு-பீட்டா புரதத்தின் 'ஏபீட்டா*56' என்ற ஒரு குறிப்பிட்ட திரளே நினைவாற்றலைக் கெடுக்கிறது என்றது அது. சுண்டெலி மூளையிலிருந்து பிரித்த அத்திரளை இளம் எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் நினைவு மங்கியதாகவும் கூறியது.

சான்றின் பெரும்பகுதி 'வெஸ்டர்ன் பிளாட்' படங்கள். புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் கரும்பட்டைகளாகக் காட்டும் முறை இது. ஒரு பட்டையை நகலெடுத்து ஒட்டுவதும் அழிப்பதும் கணினியில் எளிது. ஆனால் பின்னணிப் புள்ளிகள் அச்சு மாறாமல் பொருந்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும். வாண்டர்பில்ட் பல்கலைக்கழக நரம்பியலாளர் மேத்யூ ஷ்ராக் இக்கட்டுரையின் படங்கள் குறித்து எழுப்பிய ஐயங்களை 2022 ஜூலையில் 'சயன்ஸ்' இதழ் வெளியிட்டது. படங்கள் திருத்தப்பட்டிருந்ததை ஆஷ் பின்னர் ஒப்புக்கொண்டார். முடிவுகள் சரியே என்றும் வாதிட்டார். திரும்பப் பெறுவதை லெஸ்னே மட்டும் ஏற்கவில்லை.

அல்சைமர் ஆய்வே பொய்த்தது என்ற பரபரப்பு மிகை. அமிலாய்டு-பீட்டாவின் திரட்சியே நோய்க்குக் காரணம் என்ற அமிலாய்டு கருதுகோள் இக்கட்டுரைக்கு முந்தியது. அதற்கு மரபணுச் சான்றுகள் தனியே உண்டு. ஐயம் வெளியானதிலிருந்து இரண்டு ஆண்டுகள் கட்டுரை நிலைத்திருந்ததே கூடுதல் கவலைக்குரியது. திரும்பப் பெற்ற கட்டுரை நீக்கப்படுவதில்லை; அறிவிப்புடன் இதழின் ஆவணத்தில் நீடிக்கிறது.