கணக்கும் கைத்திறனும்: தென் செபராங் பிறையில் அறிவு கைமாறிய வரலாறு

சிம்பாங் அம்பாட் என்னும் மலாய்ப் பெயருக்கு நாற்சந்தி என்பது பொருள். தெற்கே சுங்கை பாக்காப், நிபோங் திபால், மேற்கே பத்து காவான் என வழிகள் பிரியும் இவ்வட்டாரத்தில், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ் மக்கள் வாழ்ந்து வருகின்றனர். அவர்தம் வரலாற்றை எழுதப் புகுந்தோர் உழைப்பையும் வறுமையையும் பக்தியையும் விரிவாகவே பதிவு செய்துள்ளனர். ஆயின், அம்மக்கள் பெற்றிருந்த அறிவு எத்தகையது, அது யாரால் கற்பிக்கப்பட்டது, எந்த ஏட்டில் எழுதப்பட்டது, எழுதப்படாமற் போனதால் விளைந்த இழப்பு யாது என்பனவற்றை ஆராய்ந்தோர் மிகச் சிலரே. ஓர் அமைப்பு, அது தோட்டமாயினும் வட்டிக்கடையாயினும் தொழிற்சாலையாயினும் திருக்கோயிலாயினும், தான் அறிந்ததை எவ்வாறு காத்து அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைக்கின்றது என்பது, நிர்வாகத் துறை அறிஞர்கள் அண்மைக் காலத்தில் புதிதாகக் கண்டெடுத்த கேள்வியன்று. இம்மண்ணில் அது நெடுங்காலமாகவே எழுந்து நிற்கும் கேள்வியாகும்.

1800ஆம் ஆண்டில் கெடா சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற இந்நிலப்பகுதி, அந்நாளைய இந்தியத் தலைமை ஆளுநர் வெல்லஸ்லி பிரபுவின் பெயரால் வழங்கப்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்குக் கரும்புத் தோட்டங்கள் பெருகின. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழர்கள் பினாங்குத் துறையில் இறங்கி, ஒப்பந்தக் கூலிகளாக இத்தோட்டங்களுக்கு வந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு மறைந்து ரப்பர் தலையெடுத்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. கங்காணிகள் ஆள் சேர்க்கும் முறையும் 1938இல் இந்திய அரசு விதித்த தடையோடு முடிவுற்றது.

கைக்குள் இருந்த கல்வி

ரப்பர் மரத்தில் பால் எடுப்பது எளிய கூலி வேலை என்றே வெளியுலகம் எண்ணி வந்தது. உண்மையில் அது நுட்பம் மிகுந்த கலையாகும். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக 1888 முதல் பணியாற்றிய ஹென்றி ரிட்லி, மரத்தைக் கண்டபடி கொத்தாமல், ஒரே வெட்டின் கீழ் விளிம்பில் மெல்லிய சீவலை எடுத்து அதே காயத்தை மீண்டும் திறக்கும் முறையைக் கண்டறிந்து பரப்பினார். பாலைச் சுமக்கும் நுண்குழாய்கள் பட்டையின் உட்புறத்தில்தான் செறிந்து கிடக்கின்றன. எனவே கத்தி ஆழமாகச் செல்ல வேண்டும். ஆயின், மரத்தை ஒட்டியுள்ள உயிர்ப்படலத்தைத் தொட்டுவிடவும் கூடாது. தொட்டால் அவ்விடத்தில் மீண்டும் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிப் பின்னாளில் வெட்டுவதற்கு உதவாது. ஆழம் குறைந்தால் பால் குறையும். மிகுந்தால் மரம் கெடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் மட்டுமே.

ஒரு தொழிலாளி விடியுமுன் தொடங்கி ஏறக்குறைய 500 மரங்களில், தலைவிளக்கின் ஒளியில், அந்த ஒரு மில்லிமீட்டரைக் காத்து வந்தார். வெட்டு இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாகச் சரிய வேண்டும் என்பதும், வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்கு ஒழுகும் என்பதும் அவருக்குப் பாடமாகவே தெரியும். எந்தப் பள்ளியும் அவருக்கு இதைக் கற்பிக்கவில்லை. பெற்றோருடன் நிரைக்குச் சென்று மங்கு துடைத்து, ஒட்டுப்பால் பொறுக்கிய குழந்தை, பத்தாண்டுகளில் கத்தியைக் கையில் வாங்கிற்று. 1925இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. அது கண்டறிந்த முடிவுகள் ஆங்கில ஏடுகளில் அச்சாகித் துரைமார்களின் மேசையை அடைந்தன. அங்கிருந்து மண்டோரின் அதட்டலாக மட்டுமே அவை நிரைக்கு இறங்கி வந்தன. நிரையில் கண்டறியப்பட்டவை மேலே ஏறிச் செல்வதற்கோ வழியே இல்லை.

ஜப்பானிய அறிஞர்களான இக்குஜிரோ நோனாக்காவும் ஹிரோத்தாக்கா தாக்கேவுச்சியும் 1995இல் வெளியிட்ட நூல், இத்தகைய கையறிவுக்கு உலக நிர்வாகிகளிடையே ஒரு மதிப்பைத் தேடித் தந்தது. வீட்டிலேயே ரொட்டி சுடும் இயந்திரத்தை அமைக்க முயன்ற மட்சுஷித்தா நிறுவனத்தார், மாவைச் சரியாகப் பிசையும் வழி தெரியாது திகைத்தனர். அந்நிறுவனத்தின் மென்பொருள் வல்லுநரான இக்குகோ தனாக்கா என்னும் பெண்மணி, ஒசாக்கா நகர விடுதி ஒன்றின் தலைமை ரொட்டிக்காரரிடம் மாணவியாய்ச் சேர்ந்தார். அவர் மாவை இழுக்கும்போதே முறுக்குவதையும் கண்டுணர்ந்தார். அந்த முறுக்கலைச் செய்யும்படி திருத்தப்பட்ட இயந்திரம் 1987இல் விற்பனைக்கு வந்து வெற்றி பெற்றது. ரொட்டிக்காரரின் கையில் இருந்தது அறிவு என்று ஒப்புக்கொள்ள ஒருவர் முன்வந்தார் என்பதே இந்நிகழ்ச்சியில் குறிப்பிடத்தக்கதாகும். நம் பால்மரத் தொழிலாளருக்கு அத்தகைய மாணவர் எவரும் வாய்க்கவில்லை. எண்ணெய்ப்பனை வந்து ரப்பர் அழிக்கப்பட்டபோது, அக்கைத்திறனுக்கு ஒரு சான்றிதழும் இன்றி அவர்கள் வெளியேற நேர்ந்தது.

செக்ரோலும் பேரேடும்

தோட்டத்தில் எழுதப்பட்ட அறிவும் ஒன்று இருந்தது. அது கிராணியாரின் மேசைமேல் கிடந்த செக்ரோல் என்னும் பெயர்ப் பதிவேடு. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, வந்தவர் யார், வாராதவர் யார் என்று குறித்துக்கொள்வர். கூலியும், கங்காணிக்குரிய தலைக்காசும் அந்தக் குறிப்பைக் கொண்டே கணக்கிடப்பட்டன. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அவ்வேட்டைத் தொழிலாளி படிக்கவும் இயலாது. தவறு என்று வாதிடவும் இயலாது. ஒருவரின் வாழ்நாள் முழுவதும் பிறர் மொழியில், பிறர் கையெழுத்தில், பிறர் பெட்டிக்குள் அடங்கியிருந்தது. 1957க்குப் பின் குடியுரிமைக்குப் பிறப்புச் சான்று தேவைப்பட்ட காலத்தில், தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தும் அதனைக் காட்ட ஒரு தாளும் இல்லாது அல்லலுற்றோர் பலர். பதிவு என்பது வெறும் எழுத்து வேலையன்று என்பதை அவர்கள் பட்டறிந்தனர்.

இதே காலத்தில், கடல் கடந்து சில மைல் தொலைவில், பினாங்குத் தெருவின் கிட்டங்கிகளில் நாட்டுக்கோட்டை நகரத்தார் நடத்திய முறையோ முற்றிலும் வேறானது. பள்ளிப் பருவத்துச் சிறுவன் பெட்டியடிப் பையனாகக் கடைக்குள் நுழைவான். அதற்கு முன்பே மாகாணி, முந்திரி வரையிலான பின்ன வாய்பாடுகள் அவன் நாவில் பழகியிருக்கும். ஏவல் செய்துகொண்டே சிட்டை எழுதவும், பேரேட்டில் பதியவும், ஐந்தொகை போட்டுச் சரிபார்க்கவும் கற்பான். பின்னர் அடுத்தாளாகி, தகுதியிருப்பின் மேலாளாக உயர்ந்து கடையையே ஏற்பான். மேலாளின் பொறுப்பு பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையைக் கொண்டது. தவணை முடிவில் கணக்கை ஒப்படைத்துவிட்டுத்தான் அவர் ஊர் திரும்ப முடியும். ஆள் மாறினாலும் அறிவு மாறாதிருந்ததற்கு இந்த ஒப்படைப்பே காரணமாகும். இரங்கூனில் நகரத்தார் தங்கள் கோயிலில் கூடியே நடப்பு வட்டியை முடிவு செய்தனர். இறைவன் சந்நிதியில் பேசப்பட்ட விகிதத்தைக் கடைக்காரர் எவரும் மறைக்கவோ திரிக்கவோ துணியார்.

நகரத்தார் முறையிலும் குறை இல்லாமல் இல்லை. அது ஒரு சமூகத்தின் எல்லைக்குள்ளேயே நின்றது. பெண்களுக்கு அங்கு இடமில்லை. எனினும் ஏடு அவர்கள் மொழியில் இருந்தது, அவர்கள் கையில் இருந்தது. தோட்டத் தமிழருக்கும் அவர்களுக்கும் இருந்த வேறுபாடு செல்வத்தில் மட்டும் அன்று.

விடுதலைக்குப் பின் ஆங்கிலேயர் தோட்டங்கள் பல கூறு போட்டு விற்கப்பட்டன. அதனைத் தடுக்கும் நோக்குடன் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். துண்டாடலின்போது வேலையோடு வீடும் போயிற்று. நாட்டின் பல பகுதிகளில் கோயிலுக்கும் கேடு வந்தது. தோட்டத் துரையின் வாய்மொழி அனுமதியோடு எழுப்பப்பட்ட ஆலயத்திற்கு நிலப்பட்டா கிடையாது. அனுமதி தந்த துரை சீமைக்குப் போய்விட்டார். புதிய உரிமையாளர் தாளைக் கேட்டார். முன்னோர் கல்லும் மண்ணும் சுமந்து கட்டியதற்குச் சாட்சி முதியோரின் நினைவு ஒன்றே.

போட்டியாளர்கள் ஒரே வகுப்பறையில்

பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்த 1969ஆம் ஆண்டிலேயே, டாக்டர் லிம் சோங் இயூ முதலமைச்சரானார். அவ்வாண்டே பினாங்கு மேம்பாட்டுக் கழகமும் அமைந்தது. 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரத்தில் இன்டெல் முதலிய நிறுவனங்கள் கால் ஊன்றின. பிறையிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்ட பின், பால்மரக் கத்தி பிடித்த தாயின் மகள், ஆலைப் பேருந்தில் ஏறிக் கடலைக் கடந்து சென்று நுண்நோக்கியின்கீழ் மின்சில்லுகளைப் பார்வையிட்டாள்.

எண்பதுகளின் இறுதியில் ஒரு சிக்கல் எழுந்தது. இயந்திரங்கள் நுட்பமாயின, அவற்றை இயக்கப் பயின்றோர் போதவில்லை. ஒரு நிறுவனம் செலவிட்டுப் பயிற்சி தந்த ஊழியரை மற்றொரு நிறுவனம் கூடுதல் சம்பளம் காட்டி ஈர்த்துக்கொண்டது. ஆகவே பயிற்சி தருவதே நட்டம் என்ற நிலை உருவாயிற்று. இதற்கு விடையாக 1989இல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் தோன்றியது. அரசும் தொழில்துறையும் கல்வித்துறையும் கைகோத்த இவ்வமைப்பில், சந்தையில் ஒன்றோடொன்று மோதும் நிறுவனங்களே உறுப்பினராயின. தேவையான பாடங்களைத் தாங்களே வகுத்து, கருவிகளையும் பயிற்றுநரையும் பகிர்ந்துகொண்டன. தனக்கு மட்டும் என்று பூட்டி வைத்தால் தனக்கும் இல்லாமற் போகும் என்று கணக்கறிந்த வணிகர்கள் உணர்ந்ததன் விளைவு இது. 1992இல் இயற்றப்பட்ட மனிதவள மேம்பாட்டுச் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ கொண்ட தயாரிப்பு நிறுவனங்கள் சம்பளத் தொகையில் ஒரு விழுக்காட்டைப் பயிற்சி நிதிக்குச் செலுத்துமாறு செய்தது. ஊழியருக்குப் பயிற்சி தந்தோர் செலவை அந்நிதியிலிருந்து மீட்டுக்கொள்ளலாம்.

இவை யாவும் பாராட்டத்தக்கவையே. ஆயினும் அவ்வகுப்பறையின் வாயிலைத் தாண்ட ஆங்கிலமும் கணிதமும் வேண்டியிருந்தன. தோட்டப்புறத்தில் இடைநிலைப்பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகள் உற்பத்தி வரிசையிலேயே நின்றுவிட்டனர். 2014இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலம், முன்பு பால்மரமும் பனையும் நின்ற பத்து காவானில்தான் கரையேறுகின்றது. அந்நிலத்தில் இன்று மின்னணு ஆலைகள் நிற்கின்றன.

கணினியும் கோயிற் கணக்கும்

கணினி தமிழருக்கு அயலானதாக நீண்ட காலம் இருக்கவில்லை. மலேசியரான முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டளவில் தொடங்கி உருவாக்கிய முரசு மென்பொருள், தமிழை அச்சுக்கும் பின்னர் மின்னஞ்சலுக்கும் கொண்டு சென்றது. தொண்ணூறுகளில் அழைப்பிதழும் மலரும் கணினியில் உருவாகத் தொடங்கின. ஆனால், ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. ஓர் எழுத்துருவில் அடித்த கோப்பு மற்றொன்றில் பொருளற்ற கீறல்களாகத் தோன்றிற்று. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் 2001இல் கோலாலம்பூரிலும் கூடிய தமிழ் இணைய மாநாடுகள் இச்சிக்கலோடு போராடின. யூனிகோடு 1991இலேயே தமிழுக்கு இடம் தந்திருந்தும், தமிழ்நாட்டு அரசு அதனை முறைப்படி ஏற்றது 2010இல்தான். இடைப்பட்ட காலத்தில் நெகிழ்வட்டுகளில் சேமிக்கப்பட்ட உறுப்பினர் பட்டியல்களும் நன்கொடைக் கணக்குகளும் எத்தனை இடங்களில் படிக்க முடியாமற் போயின என்பதை இறைவனே அறிவான். கையெழுத்துக் குறிப்பேட்டைக் கரையான் அரிக்கப் பல்லாண்டுகள் ஆகும். நெகிழ்வட்டோ அத்தனை காலம் காத்திருக்கவில்லை.

இந்நாட்டில் ஆலய நிர்வாகக் குழுக்கள் பெரும்பாலும் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவை. ஆண்டுக் கூட்டமும் தணிக்கை செய்த கணக்கும் கட்டாயம். சட்டம் கேட்பது அவ்வளவே. எந்தச் சிற்பி எந்த விமானத்தைச் செய்தார், சென்ற குடமுழுக்கில் மருந்து சாத்திய முறை யாது, தேர்ச் சக்கரத்தின் அச்சை எங்கே செய்வித்தனர், எந்தக் குடும்பம் எந்த உபயத்தை எத்தனை தலைமுறையாக நடத்துகின்றது என்பனவற்றைச் சட்டம் கேட்பதில்லை. அவை பெரும்பாலும் ஒரு மூத்த செயலாளரின் நினைவில் இருக்கின்றன, அல்லது அவர் வீட்டு அலமாரியில்.

காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் கல்லில் வெட்டப்பட்ட விதிகள், குடவோலை முறைக்காகவே பெரிதும் போற்றப்படுகின்றன. அவற்றுள் கணக்கைப் பற்றிய பகுதி அத்துணை பேசப்படுவதில்லை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது சென்றவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்வுக்கு நிற்க முடியாது. தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்பு பணியாற்றிப் பழகியோர், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தோர் ஆகியோரிடமிருந்தே ஆண்டு வாரியம் அமைக்கப்பட்டது. கணக்கு எழுதுபவர் நேர்மையாகப் பொருள் ஈட்டியவராக இருத்தல் வேண்டும். எழுதிய கணக்கை அவரே நேரில் வந்து பெருங்குழுவின் முன் ஒப்படைக்க வேண்டும். அவர் எழுதியதை முடித்து வைக்க வேறு கணக்கரை அமர்த்துதல் ஆகாது. அவ்வெழுத்துகள் அவ்வூர்க் கோயிற் சுவரில் இன்றும் படிக்கும் நிலையிலேயே உள்ளன.